சூடு போன சோக்

எங்கள் மாமாவிடம் 1955ஆம் ஆண்டின் ஷெவர்லே கார் ஒன்று இருக்கிறது. கம்பளையிலும் சுற்றுவட்டாரத்திலும் நடக்கும் கல்யாணங்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஏறிச் செல்லும் கார் அது. வெள்ளையும் இளநீலமும் பூசி, முன்னால் பூமாலை கட்டி, அது ஊருக்குள் வந்தால் சிறுவர்கள் பின்னால் ஓடுவார்கள். மாமாவின் வீட்டுச் செலவில் பெரும்பகுதி அந்தக் காரின் ஹயரில்தான் நடக்கிறது. ஆகவே அதற்கு இருமல் வந்தால் மாமியின் அடுப்படி வரைக்கும் அது கேட்கும்.

சென்ற வருடம் அந்தக் காரின் எக்சோஸ்ட் மாற்றப்பட்டது. அதன் பிறகு காரின் தானியங்கிச் சோக் ஒழுங்காக வேலை செய்யவில்லை. புகைக்குழாயை மாற்றியதற்கும் காற்று வரும் வாசலில் இருக்கும் ஒரு சின்னத் தகட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் கேட்டார்கள். சம்பந்தம் உண்டு. அதைத்தான் இங்கே எழுத வந்தேன். உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிக்கும் தோழியருக்கு இதில் நம் பாடப் புத்தகத்தின் ஓர் அத்தியாயமே ஒளிந்திருப்பது தெரியும். வீட்டில் பழைய கார் வைத்திருக்கும் பெற்றோருக்கு வேறு விதத்தில் உதவும்.

முதலில் சோக் என்றால் என்ன? இன்று வரும் கார்களில் பெற்றோலைக் கணினி அளந்து பீச்சுகிறது. பழைய கார்களில் அந்த வேலையைக் கார்பரேட்டர் செய்தது. என்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்தக் காற்று கார்பரேட்டரின் ஒடுங்கிய கழுத்து வழியே வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடும் இடத்தில் அமுக்கம் குறைகிறது. குறைந்த அமுக்கம் பெற்றோலை மேலே இழுத்துக் காற்றோடு கலக்கிறது. ஒரு கிராம் பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். சூடான என்ஜினுக்கு இந்த அளவு சரி. ஆனால் இரவு முழுவதும் குளிரில் நின்ற என்ஜினில், உள்ளே போகும் பெற்றோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எரிவது ஆவிதான், துளி அல்ல. எனவே பத்து பேருக்குச் சோறு வேண்டுமென்றால் பதினைந்து பேருக்கு ஆக்க வேண்டிய நிலை. அதற்குத்தான் சோக். கார்பரேட்டரின் வாயில் இருக்கும் ஒரு தட்டையான வட்டத் தகடு அது. அதை மூடினால் காற்று குறைகிறது, உள்ளே உறிஞ்சல் கூடுகிறது, பெற்றோல் அதிகமாக வருகிறது. என்ஜின் சூடானதும் அதைத் திறந்துவிட வேண்டும்.

நம் நாட்டில் முந்திய தலைமுறை அதிகம் ஓட்டிய மொரிஸ் மைனர் போன்ற கார்களில் இதற்கு டாஷ்போர்டில் ஒரு குமிழ் இருந்தது. காலையில் இழு, ஓடியதும் தள்ளு, அவ்வளவுதான். அமெரிக்கக் கார்களில் இந்த வேலையை ஓட்டுநரிடம் விடாமல் இயந்திரமே செய்யும்படி அமைத்தார்கள். மாமாவின் கார் அந்த வகை. அதில் இழுக்கக் குமிழ் கிடையாது.

தகட்டைத் திறக்கவும் மூடவும் அந்தக் காருக்கு எப்படித் தெரிகிறது? கார்பரேட்டரின் பக்கத்தில் கறுப்பு நிறத்தில், சிறிய தேங்காய்ச் சிரட்டை அளவில், வட்ட மூடி ஒன்று இருக்கும். அதை மூன்று ஆணிகள் பிடித்திருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே கடிகார வில்லைப் போல் சுருண்ட ஒரு தகடு தெரியும். அதுதான் நாம் படிக்கும் ஈருலோகச் சட்டம். விரிகைத்திறன் வேறுபட்ட இரண்டு உலோகங்களை முதுகோடு முதுகு ஒட்டிச் செய்தது. பித்தளையின் ஏகபரிமாண விரிகைத்திறன் ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறத்தாழ 19×10⁻⁶. உருக்கினுடையது ஏறத்தாழ 12×10⁻⁶. இரண்டும் ஒட்டியிருக்கும்போது சூடேற்றினால் பித்தளை அதிகம் நீள விரும்புகிறது, உருக்கு விடுவதில்லை. வேறு வழியின்றிச் சட்டம் வளைகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஹாரிசன் என்ற ஆங்கிலேயர் தம் கடற்கடிகாரம் வெப்பநிலை மாறும்போது பிழையாக ஓடாமல் இருப்பதற்காக இந்த உபாயத்தைக் கண்டார். நம் வீட்டு அயன் பெட்டியில் சூடு போதுமானதும் ‘டிக்’ என்று மின்னைத் துண்டிப்பதும் இதன் உறவுதான். காரின் சோக்கில் இது சுருளாக இருப்பதால், குளிரில் இறுகித் தகட்டை மூடுகிறது. சூட்டில் தளர்ந்து தகட்டை விட்டுவிடுகிறது.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. எக்சோஸ்ட் மனிபோல்ட் என்று சொல்லும் வார்ப்பிரும்புப் பகுதி, என்ஜினில் முதலில் சூடாகும் பாகங்களில் ஒன்று. எரிந்த வாயு நேரே அதற்குள்தான் வந்து விழுகிறது. ஆகவே அந்த வார்ப்பிரும்புக்கு உள்ளே ஒரு சிறு குழாயைக் குறுக்கே செருகி, அதன் ஒரு முனையை வெளிக்காற்றுக்கும் மறுமுனையை மெல்லிய உலோகக் குழாய் மூலம் சோக்கின் வட்ட மூடிக்கும் இணைத்தார்கள். மூடிக்குள் என்ஜினின் வெற்றிட இழுவை சிறிது எட்டுகிறது. அந்த இழுவையால் சுத்தமான காற்று குழாய்க்குள் நுழைந்து, மனிபோல்ட்டில் சூடாகி, சுருளைத் தழுவி, என்ஜினுக்குள் போகிறது. புகையும் இந்தக் காற்றும் கலப்பதில்லை. நடுவில் ஒரு குழாய்ச் சுவர் இருக்கிறது. நான் பார்த்தவரை இவ்வளவு எளிமையான, இவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு வேறு இல்லை. என்ஜின் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை என்ஜினின் சூட்டைக் கொண்டே சுருளுக்குச் சொல்லியாயிற்று.

வட்ட மூடிக்குள் இன்னொரு சின்னப் பொருளும் உண்டு. விரல் நுனி அளவான ஒரு பிஸ்டன். என்ஜின் பிடித்த உடனே வெற்றிடம் இதை இழுக்க, இது தகட்டைக் கொஞ்சம் திறந்துவிடும். இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆன மறுகணமே என்ஜின் பெற்றோலில் மூழ்கி நின்றுவிடும். வெளியே படிபடியாக வெட்டிய ஒரு சிறு தகடும் உண்டு. சோக் மூடியிருக்கும்வரை அது என்ஜினின் சும்மா ஓடும் வேகத்தைக் கூட்டி வைத்திருக்கும். சோக் திறக்கத் திறக்க படி இறங்கி வேகமும் குறையும். பழைய ஓட்டுநர்கள் சாவியைத் திருப்புமுன் அக்சிலரேட்டரை ஒரு தரம் முழுதாக மிதித்து விடுவது இதற்குத்தான். மிதித்தால்தான் அந்தப் படித்தகடு விடுபட்டுச் சுருள் தகட்டை மூட முடியும். ஏதோ பழக்கதோஷம் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

மாமாவின் காரில் பழைய மனிபோல்ட் வெடித்துவிட்டது. ஆறு சிலிண்டர் ஷெவர்லேகளில் இது அடிக்கடி நடப்பதுதான். நீண்ட வார்ப்பிரும்பு, ஒரு நாளைக்குப் பல தரம் சூடாகிக் குளிர்ந்து, எழுபது வருடங்களாக அதே வேலை. வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது கடினம். செய்தாலும் பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கக் கேட்ட விலை மாமாவுக்குக் கட்டாது. கடைசியில் உருக்குக் குழாய்களை வளைத்து, ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் தனித்தனியாக இறங்கிக் கீழே சேரும்படி ஹெடர் ஒன்று செய்யப்பட்டது. வேலை சுத்தமான வேலை. சத்தமும் கம்பீரமாக மாறியது. மாமாவுக்கு அந்தச் சத்தத்தில் ஒரு பெருமை.

ஆனால் புதிய ஹெடரில் சோக்குக்குக் காற்றைச் சூடாக்கும் அந்தச் சிறு குழாய்க்கு இடமில்லை. பழைய மனிபோல்ட்டோடு அதுவும் பழைய இரும்புக்குப் போய்விட்டது.

அதன் பின் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் சோக் கெட்டுப்போனதாக யாரும் நினைக்கமாட்டார்கள், அதுதான் இதிலுள்ள சிக்கல். காலையில் கார் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகும். எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்து நிமிடத்தில் கறுப்புப் புகை. பத்து நிமிடத்தில் பெற்றோல் மணம் காருக்குள். பகல் பொழுதில், கீழ்நாட்டில் ஓடினால் அவ்வளவு தெரியாது, ஏனென்றால் வெளிக்காற்றே சுருளைப் பாதி தளர்த்திவிடும். நுவரெலியாவுக்கு விடியற்காலை ஹயர் என்றால்தான் வேதனை. ரம்பொடை ஏற்றத்தில் கார் மூச்சு முட்டி ஏறும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று ஐதாக இருப்பதால், சோக் இல்லாமலே கலவையில் பெற்றோல் விகிதம் கூடத்தான் செய்யும். அதற்கு மேல் பாதி மூடிய சோக். லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர் ஓடிய கார் நாலுக்கு இறங்கியது.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்கள் யாரும் இதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டார்கள். அந்த ஜூன் மாதம் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூஆர் அட்டையில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த வரிசைகளின் நினைப்பு எங்கள் வீட்டில் இன்னும் போகவில்லை.

பெற்றோல் செலவைவிட எனக்குப் பயம் தந்தது வேறொன்று. சோக் திறக்காவிட்டால் படித்தகடும் இறங்காது. அதாவது காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்த பிறகும் என்ஜின் வேகமாகவே ஓடும். தானியங்கிக் கியர் உள்ள காரில் இது காரை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில், வளைவில், பின் ஆசனத்தில் புதுமணத் தம்பதியை வைத்துக்கொண்டு, பிரேக்கை மேலும் அழுத்தி மிதிக்க வேண்டியிருந்தது. அந்தக் காரின் பிரேக்கோ நாலு சில்லிலும் டிரம். சூடேறினால் பிடி தளரும். ‘கொஞ்சம் புகைக்குது, அவ்வளவுதானே’ என்று விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

அதிகமான பெற்றோல் வேறு தீங்கும் செய்கிறது. எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி என்ஜின் எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் அளக்கும் கம்பியை எடுத்து மணந்து பார்த்தால் பெற்றோல் வாடை வரும். பிளக்கைக் கழற்றினால் நுனியில் அடுப்புக் கரியைப் போல் கறுப்புத் தூள் படிந்திருக்கும். நல்ல என்ஜினில் அது இளம் கபில நிறமாக இருக்க வேண்டும். மாமாவின் காரில் ஆறு பிளக்கும் கறுப்பு.

“மகள், சோக் மூடித்தான் கிடக்கு. சூடு வந்தும் தொறக்குதில்ல,” என்றார் மாமா, காற்றுவடிப் பானையைக் கழற்றிவிட்டு.

“சூடு எங்க மாமா வருது? அந்தக் குழாய்தான் இப்ப இல்லியே,” என்றேன்.

என்ஜின் சூடாகத்தான் இருந்தது. சுருளுக்குத்தான் அந்தச் செய்தி போகவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. வட்ட மூடியில் பழைய சூட்டுக் குழாய் வந்து சேர்ந்த துவாரம் திறந்தே கிடந்தது. வெற்றிட இழுவை அப்படியே இருக்கிறது அல்லவா? முன்பு சூடான காற்றை இழுத்த அதே இழுவை இப்போது வெளியிலிருந்து குளிர்காற்றை இழுத்துச் சுருளின் மேல் ஊதிக்கொண்டிருந்தது. சூடாக்க வேண்டிய ஏற்பாடே குளிரூட்டியாக மாறிவிட்டது. தூசியும் கூடவே போனது. எக்சோஸ்ட் மாற்றிய பின் பலரும் பார்க்காமல் விடும் இடம் இந்தத் துவாரம் என்று நினைக்கிறேன்.

இதற்கு வழிகள் பல உண்டு. கராஜில் எல்லாரும் முதலில் சொல்வது, தகட்டைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்துவிடு என்பது. கொழும்பிலோ கல்முனையிலோ இருந்தால் இது ஓரளவு போகும். முப்பது பாகைச் சூட்டில் அக்சிலரேட்டரை இரண்டு மூன்று தரம் மிதித்துவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். மலைநாட்டில் சரிவராது. எட்டு, பத்துப் பாகைக் குளிரில் ஸ்டார்ட் ஆகும்வரை பற்றரியை அரைத்துக்கொண்டு நிற்கப் போவது யார்? கல்யாண வீட்டு வாசலில், வீடியோக்காரர் முன்னால்?

இரண்டாவது, கையால் இழுக்கும் சோக்காக மாற்றுவது. வட்ட மூடிக்குப் பதிலாகக் கேபிள் பிடிக்கும் மூடி ஒன்றைப் பூட்டி, கேபிளை டாஷ்போர்டுக்குக் கொண்டுவரலாம். மலிவு, நம்பகமானது, மின்சாரம் தேவையில்லை. ஓட்டுபவர் மறக்காதவராக இருந்தால் இதில் ஒரு குறையும் இல்லை. மாமாவின் காரை ஹயருக்கு வேறு ஓட்டுநர்களும் எடுப்பார்கள். தள்ள மறந்துவிட்டால் பழைய கதைதான்.

மூன்றாவது, பழைய முறையையே புதிய ஹெடரில் உண்டாக்குவது. ஹெடர்க் குழாய் ஒன்றின் மேல் சிறு உருக்குக் கூடு வைத்து, அதற்குள்ளிருந்து செப்புக் குழாய் மூலம் சூடான காற்றை மூடிக்கு எடுக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று. ஹெடரைத் துளைத்து உள்ளிருக்கும் வாயுவையே எடுத்துவிடக் கூடாது. புகை சோக்குக்குள் வந்தால் கரியும் ஈரமும் சேர்ந்து சுருளையும் பிஸ்டனையும் இறுக்கிவிடும். பழைய கார்களில் மூடியைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் கொட்டினால், மனிபோல்ட்டுக்குள் இருந்த குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்பதே அர்த்தம். இந்த மூன்றாவது வழி அழகானது, ஆனால் நல்ல கை வேண்டும். மெல்லிய உருக்குக் குழாய் வார்ப்பிரும்பைவிடச் சீக்கிரம் சூடாகிச் சீக்கிரம் குளிரும். அதனால் சோக்கின் நேரக் கணக்கும் மாறிவிடும்.

நாங்கள் தேர்ந்தது நாலாவது வழி. சுருளுக்குப் பின்னால் ஒரு சின்ன மின் சூடாக்கி வைத்த மூடி கிடைக்கிறது. வாங்கும்போது இரண்டு விஷயம் பொருந்த வேண்டும். மூடியின் விட்டம் ஒன்று. சுருள் சுற்றியிருக்கும் திசை மற்றது. திசை மாறினால் குளிரில் திறந்து சூட்டில் மூடும் சோக்தான் கிடைக்கும். காரின் பற்றரியும் 12 வோல்ற்றாக இருக்க வேண்டும். ஷெவர்லே 1954 வரை 6 வோல்ற்றில் இருந்து 1955இல்தான் 12க்கு மாறியது. ஒரு வருடம் முந்திய கார் என்றால் இந்த மூடி பாதிச் சூடுகூடத் தராது. ஏன் பாதிகூட இல்லை? வலு, வோல்ற்றின் வர்க்கத்துக்கு விகிதசமன். சூடாக்கியின் தடை 8 ஓம் என்று வைத்துக்கொண்டால் 12 வோல்ற்றில் ஒன்றரை அம்பியர் ஓடி 18 வாற்று வெப்பம் வரும். 6 வோல்ற்றில் நாலரை வாற்றுத்தான். பரீட்சை வினாவாகவே எழுதலாம்.

மின்னை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் இக்னிஷன் கொயில் இருக்கும், அதிலிருந்து ஒரு வயரை எடுத்துவிடுவார்கள். அந்தக் கொயிலுக்கு முன்னால் ஒரு தடை இருப்பதால் அங்கே முழு 12 வோல்ற்று இல்லை. சோக்கும் அரைகுறையாகச் சூடாகும், பொறியும் பலவீனமாகும். பற்றரியிலிருந்து நேரே எடுத்தால் கார் நிற்கும்போதும் சூடாக்கி எரிந்துகொண்டே இருக்கும். சாவி போட்டால் மட்டும் மின் வரும் இடத்திலிருந்து பியூஸ் வைத்து எடுப்பது சரி. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாவியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யாமல் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் சோக் சூடாகித் திறந்துவிடும், என்ஜின் குளிர்ந்தே இருக்கும். அப்போது ஸ்டார்ட் ஆகாது. சுருளை இப்போது சூடாக்குவது என்ஜின் அல்ல, ஒரு கடிகாரத்தைப் போல ஓடும் மின்சாரம். அதற்கு என்ஜினின் நிலை தெரியாது.

இதற்கு மாமாவின் பாஸ் ஒரு வழி செய்தார். காரில் எண்ணெய் அமுக்கத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு இருக்கிறது. என்ஜின் ஓடாதபோது எரியும், ஓடி எண்ணெய் அமுக்கம் வந்ததும் அணையும். அந்த விளக்கின் வயரோடு ஒரு ரிலேயைச் சேர்த்து, விளக்கு எரியும்வரை சோக்குக்கு மின் போகாதபடியும், விளக்கு அணைந்ததும் போகும்படியும் கட்டினார். அவர் அதிகம் படித்தவரல்ல. ஒரு சிகரட் பெட்டியின் உட்புறத்தில் அந்தச் சுற்றை அவர் வரைந்து காட்டியபோது, நாங்கள் வகுப்பில் வரைவதைவிடத் தெளிவாக இருந்தது. கோடுகள் எதுவும் ஒன்றையொன்று வெட்டவில்லை.

பழைய துவாரத்தைப் பித்தளை ஆணி ஒன்றால் அடைத்தோம். மூடிக்கு அடியில் இருந்த அட்டைக் கேஸ்கட்டை மறுபடி போடவில்லை. எங்கள் மூடி, பிடித்திருக்கும் உலோகக் கூடு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. நடுவில் அட்டை இருந்தால் சுற்று முழுமையாகாது. சில மூடிகளுக்கு எர்த்துக்கென்று தனி வயர் வரும். அட்டை இல்லாத விளிம்பு வழியே மிகக் கொஞ்சம் காற்றும் கசியும். அது நல்லதே. மூடி முற்றாகக் காற்றுப் புகாமல் அடைபட்டால், பிஸ்டனின் இரு பக்கமும் ஒரே அமுக்கமாகி அதன் இழுவை போய்விடும்.

பூட்டிய பிறகு அளவு பார்ப்பது காலை வேலை. இரவு முழுவதும் நின்ற காரில்தான் பார்க்க வேண்டும். மூன்று ஆணியையும் தளர்த்தி, ஒரு கையால் அக்சிலரேட்டர்த் தண்டைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு, மறுகையால் மூடியைத் திருப்பினால், ஓர் இடத்தில் தகடு மெல்ல வந்து மூடும். மூடியதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் திருப்பினால் திறக்க நேரம் எடுக்கும். விளிம்பில் கோடுகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கோடு மட்டும் மாற்றி, மறுநாள் காலைவரை பொறுக்க வேண்டும். ஏனென்றால் ஒரு தரம் ஸ்டார்ட் செய்தால் அன்றைய குளிர் போய்விட்டது. இப்படி நாலு காலைகள் சுபஹுக்குப் பின் நான் டோர்ச் பிடிக்க, மாமா திருப்பினார். கடைசியில் கம்பளைக் காலையில் தகடு மூன்று நிமிடத்துக்குள் நிமிர்ந்து நின்றது. பிறகுதான் சும்மா ஓடும் வேகத்தைச் சரிசெய்தோம். முதலில் அதைத் தொட்டால் எல்லாம் குழம்பும்.

உம்மாவுக்கு நான் கராஜில் நிற்பது முதலில் பிடிக்கவில்லை. எண்ணெய்க் கறை ஒரு காரணம், ஊர் வாய் மற்றது. நான் உம்மாவுக்கு பேர்தா பென்ஸின் கதையைச் சொன்னேன். 1888 ஆகஸ்டில், கணவருக்குச் சொல்லாமல், தம் இரு மகன்மாரை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு மோட்டார் காரில் நூறு கிலோமீற்றர் அளவு போன பெண் அவர். வழியில் எரிபொருட் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். விஸ்லொக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்தில் ஸ்பேனர் பிடித்தது ஒரு தாய்தான். உம்மா கேட்டுவிட்டு, “அந்தப் பொம்பள புருஷன்ட சொல்லாமப் போனாவே, அதைப் படிச்சிட்டு வராதே,” என்றார். ஆனால் அடுத்த நாள் எனக்கென்று பழைய கவுன் ஒன்றை எடுத்து வைத்திருந்தார்.

பெற்றோர் இதை மட்டும் அவசியம் வாசிக்க வேண்டும். சோக் மூடியிருக்கும் என்ஜினின் புகையில் காபனோரொட்சைட்டு வழமையைவிட மிக அதிகம். ஒட்சிசன் போதாமல் எரிவதன் விளைவு அது. நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் விருப்பத்தோடு அதைப் பற்றிக்கொள்கிறது. மலைநாட்டில் பல வீடுகளில் கராஜ், படுக்கையறையோடு ஒட்டிய அறைதான். குளிர்காலையில் கதவைச் சாத்திவைத்துக் காரைச் சூடாக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். காரை வெளியே எடுத்துவிட்டுச் சூடாக்குங்கள். ஹெடர் புதிதாகப் போட்டிருந்தால் கேஸ்கட் கசிகிறதா என்றும் பாருங்கள். குளிர்ந்த என்ஜினில் ‘டிக் டிக்’ என்று கேட்டுச் சூடானதும் நின்றால் அது கசிவாக இருக்கலாம்.

சோக் சரியாகிவிட்டது. ஆனால் எக்சோஸ்ட் மாற்றியதால் போன சூடு இரண்டு. நாங்கள் திருப்பித் தந்தது ஒன்றைத்தான். பழைய மனிபோல்ட், கார்பரேட்டருக்கு நேர் கீழே காற்றும் பெற்றோலும் போகும் குழாயின் அடிப்பாகத்தையும் சுட்டுக்கொண்டிருந்தது. பெற்றோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்; நம் கையில் ஸ்பிரிட் பட்டால் குளிர்வதைப் போல. பனிமூட்டமான, ஈரமான குளிரில் அந்தக் குளிர்ச்சியே கார்பரேட்டரின் கழுத்தில் பனிக்கட்டி படியச் செய்யும். நானுஓயா தாண்டி மூடுபனிக்குள் கார் இரண்டு தரம் தடுமாறியதாகவும், ஓரத்தில் நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்தபின் ஒன்றும் நடவாதது போல் ஓடியதாகவும் மாமா சொல்கிறார். பனி உருகியிருக்க வேண்டும். இதற்கு, ரேடியேட்டருக்குப் போகும் சுடுதண்ணீரில் ஒரு பங்கைத் திருப்பி அந்தக் குழாயின் அடியில் ஒரு தட்டையான பெட்டி வழியே ஓடவிடுவார்கள். பாஸ் அதற்கு அளவு எடுத்துப் போயிருக்கிறார். டிசம்பர்க் கல்யாணங்களுக்கு முன் பூட்டிவிட வேண்டும். பதினோராம் திகதி நுவரெலியாவில் ஒரு ஹயர் இருக்கிறது, காலை ஆறு மணிக்கு.